இராமானுஜன்: சூத்திரமும் உரையும்

அறிஞர் ஒருவரின் வாழ்க்கை திரைப்படமாக வரவிருக்கிறது என்னும் செய்தி பரவும்போது மக்களிடையே எழும் ஆவல் தனித்தன்மை உடையது. அரசரையோ அடியாரையோ விடுதலை வீரரையோ திரையில் காணக் காத்திருப்பவர்கள், தாம் காணப்போவது இன்னது என்று ஒருவாறு அறிந்தே காத்திருக்கிறார்கள். போர்க்களமும் திருக்கோயிலும் சிறைச்சாலையும் முன்னரே அவர்கள் மனத்தில் காட்சிகளாக அமைந்துள்ளன. கணித அறிஞரின் வாழ்க்கை அத்தகையதன்று. சிலேட்டு, பலப்பம், தாள், மை ஆகியவற்றைத் தவிர அங்கே கண்ணுக்குக் காட்டத்தக்க பொருள் மிகுதியாக இல்லை. ஆகவேதான் சீனிவாச இராமானுஜனைப் பற்றிய படம் வருகிறது என்ற செய்தி எழுந்த போதெல்லாம், சென்னை மக்களின் ஆவலோடு ஐயமும் கலந்திருந்தது.

அந்த எதிர்பார்ப்பு இருமுறை நிறைவேறியது. 'பாரதி' (2000), 'பெரியார்' (2007) ஆகிய வாழ்க்கை வரலாற்றுப் படங்களை இயக்கிய ஞான ராஜசேகரனின் 'ராமானுஜன்' 2014 ஜூலையில் வெளிவந்தது. ஜெமினி கணேசன், சாவித்திரி இணையரின் பேரன் அபிநய் இராமானுஜனாகவும், சுகாசினி அன்னை கோமளத்தம்மாளாகவும், பாமா மனைவி ஜானகியாகவும் நடித்தனர். இராபர்ட் கனிகெல் 1991இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தழுவி மேத்யூ பிரவுன் இயக்கிய 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' என்னும் ஆங்கிலப் படம் 2015இல் டொரண்டோ விழாவில் முதலில் காட்டப்பெற்று, அடுத்த ஆண்டு திரையரங்குகளுக்கு வந்தது. அதில் இராமானுஜனாகத் தேவ் படேலும், பேராசிரியர் ஹார்டியாக ஜெரமி அயன்ஸும் நடித்தனர். அவ்விரு படங்களும் வந்த காலத்தில் மயிலாப்பூர் மக்களின் பழைய திரையரங்குகளான காமதேனுவும் கபாலியும் மறைந்து போயிருந்தன. இராமானுஜன் தாயகம் திரும்பியதும் முதலில் தங்கிய பகுதி மயிலாப்பூர்தான் என்பதை ஊரிலும் பலர் மறந்து போயிருந்தனர்.

தமிழில் சூத்திரம் என்னும் சொல் இரண்டு துறைகளில் வழங்குகிறது. இலக்கணத்தில் அது நூற்பா. கணிதத்தில் அது வாய்பாடு. இரண்டுக்கும் பொது இயல்பு ஒன்று உண்டு. சில எழுத்துகளில் பெரும்பொருளை அடக்கி, அப்பொருளை அடைந்த வழியைச் சொல்லாமல் நிற்பது அது. தொல்காப்பிய நூற்பாக்களுக்கு இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் உரை கண்டனர். உரையாசிரியர் எதை விரித்தார், எதைத் தொடாமல் சென்றார் என்பதைப் பொறுத்து நூற்பாவின் பொருளே வேறுபட்டு விளங்குவதைத் தமிழ் கற்றோர் அறிவர். இராமானுஜனின் கணிதம் சூத்திர வடிவில் வந்தது. அவருடைய வாழ்க்கையும் முப்பத்திரண்டு ஆண்டுகளில் அடங்கிய ஒரு சூத்திரமாகவே பின்வந்தோர் கையில் கிடைத்தது. அதற்கு எழுதப்பட்ட உரைகளில் திரைப்படமும் ஒன்று. அவ்வுரைகள் விரித்தவற்றையும் விட்டவற்றையும் அறிய மூலத்தை ஒருமுறை முழுமையாகப் பார்ப்பது நலம்.

காவிரிக் கரையில்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாயின் பிறந்தகத்தில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கர். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த சிறிய வீட்டில் குடும்பம் வாழ்ந்தது. அன்னை கோமளத்தம்மாள் கோயிலில் பாடும் குரல்வளம் உடையவர். உறுதியான உள்ளம் படைத்தவர். நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் அவர் கொண்டிருந்த பக்தி மகனுக்கும் இயல்பாக அமைந்தது. இரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்த அக்குழந்தை, 1897இல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றது.

நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில், 1903ஆம் ஆண்டளவில், கார் என்னும் ஆங்கிலேய ஆசிரியர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்க்காக ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களை வரிசையாகத் தொகுத்துத் தந்த நூல் அது. பெரும்பாலானவற்றுக்கு விரிந்த நிறுவல்கள் அதில் இல்லை. பதினைந்து வயது மாணவர் அந்நூலின் முடிவுகளைத் தாமே நிறுவிப் பார்த்தார். அவற்றைக் கடந்து புதிய முடிவுகளையும் கண்டார். முடிவை மட்டும் எழுதி வழியை எழுதாமல் விடும் அவருடைய பழக்கம் இந்நூலிலிருந்து வந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வேறொரு காரணமும் உண்டு. தாள் விலை மிக்க பொருள். அவர் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, இறுதி முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதுவார். பிற்காலத்தார் தெய்விக மர்மமாகக் கண்டு வியந்த அந்த மௌனத்திற்குப் பின்னால் ஓர் ஏழைக் குடும்பத்தின் சிக்கனமும் இருந்தது.

பள்ளியில் பரிசும், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையும் பெற்றார். டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்த கல்லூரி அது. ஐயர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிச் சென்றார். இராமானுஜன் 1904இல் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். கறையானுக்கு இரையாகவிருந்த ஏடுகளைத் தேடித் தமிழுக்கு மீட்டுத் தந்தவர் விட்டுச்சென்ற வகுப்பறைகளுக்கு, பிற்காலத்தில் தம் தாள்களே தேடி மீட்கப்பட வேண்டியவராக ஆகப்போகும் மாணவர் வந்தார். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாமையால் ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகையை இழந்தார். 1905 ஆகஸ்டில் வீட்டை விட்டு விசாகப்பட்டினம் வரை சென்றார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவருடைய ஆற்றலை அறிந்து மகிழ்ந்தார். ஆயினும் எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தோல்வியே கிட்டியது. பட்டம் இல்லை, பதவி இல்லை, கையில் குறிப்பேடுகள் மட்டுமே இருந்தன.

சென்னையின் குமாஸ்தா

1909 ஜூலை 14ஆம் நாள் இராமானுஜனுக்கும் இராஜேந்திரம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜானகிக்கும் திருமணம் நிகழ்ந்தது. மணமகளுக்கு அப்போது பத்து வயது. குடும்பப் பொறுப்பு வந்ததால் வேலை தேடிப் புறப்பட்ட இராமானுஜன், 1910இல் திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரைக் கண்டார். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவரே. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த அவர், இத்தகைய ஒருவரை வருவாய்த் துறையின் கடைநிலைப் பணியில் அமர்த்திப் பாழாக்க மனம் இல்லாமல், சென்னையிலிருந்த கணித நண்பர்களிடம் அனுப்பினார். பேராசிரியர் சேஷு ஐயர் வழியாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் அறிமுகமானார். அவர் மாதம் 25 ரூபாய் தம் கைப்பொருளிலிருந்து அளித்து வந்தார்.

1911இல் கழகத்தின் இதழில் பெர்னூலி எண்களைப் பற்றிய இராமானுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது. அதே இதழில் அவர் ஒரு வினாவையும் விடுத்தார். ஒரு வர்க்கமூலத்துக்குள் இன்னொரு வர்க்கமூலம், அதனுள் மற்றொன்று என்று முடிவின்றிச் செல்லும் கோவையின் மதிப்பு என்ன என்பது வினா. இதழ்கள் சில கடந்தும் விடை அனுப்புவார் எவரும் இல்லை. பின்னர் அவரே விடையளித்தார். முடிவற்றுச் செல்லும் அக்கோவையின் மதிப்பு 3 என்னும் சிறிய எண்.

1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே உயர் பதவியில் இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதத்தில் பட்டம் பெற்றவர். கணிதக் கழகத்தின் பொருளாளர். மாலை வேளைகளில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு அமர்ந்து கணக்கிட்டனர். இராமானுஜன் இரண்டு படிகளில் தாவிச் செல்லும் இடத்தில், தம்மைப் போன்றோருக்கும் விளங்குமாறு பத்துப் படிகளாக விரித்து எழுத வேண்டும் என்று நாராயண ஐயர் வற்புறுத்துவார். தமக்கு விளங்காதது உலகுக்கும் விளங்காது என்பது அவர் வாதம். சூத்திரத்துக்கு உரை வேண்டும் என்று முதன்முதலில் கேட்டவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் அல்லர். துறைமுக அலுவலகத்தின் ஒரு தமிழ் அதிகாரி.

இராமானுஜனை ஹார்டி கண்டெடுத்தார் என்று சொல்வது உலக வழக்காகிவிட்டது. ஹார்டியின் பெருமைக்குக் குறைவில்லை. எனினும் 1913 ஜனவரி 16ஆம் நாள் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் புறப்படுவதற்கு முன்னரே, அவரைக் கண்டறிந்த தமிழகத்தார் பலர் இருந்தனர். துணைக் கலெக்டர், கலெக்டர், கல்லூரிப் பேராசிரியர், அலுவலகக் கணக்கர் என நான்கு நிலைகளில் நின்றவர்கள், தம்மிலும் மேலான ஒருவரைத் தம்மிலும் மேலானவர் என்று ஒப்புக்கொண்டு உதவினர். அவர்களுடைய கழகமும் இதழும் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சிறிய வட்டங்கள் பெரிய மனிதரைப் பேணிக் காத்ததற்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டுவதில்லை.

கடிதத்தோடு சென்ற தேற்றங்களை ஹார்டியும் அவருடைய தோழர் லிட்டில்வுட்டும் ஓர் இரவில் ஆராய்ந்தனர். அவற்றை எழுதியவர் முதல்தரக் கணித மேதை என்னும் முடிவுக்கு வந்தனர். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரின் பரிந்துரையும் சேர, சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. பட்டம் பெறாத ஒருவருக்குப் பல்கலைக்கழகம் ஆய்வு உதவி வழங்கியது துணிவான செயல். 1914 ஜனவரியில் சென்னைக்கு வந்த நெவில் என்னும் இளம் கணிதப் பேராசிரியர், இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வர இசையச் செய்தார். கடல் கடத்தல் குற்றம் என்று கருதிய குடும்பம் அது. நாமகிரித் தாயாரே கனவில் வந்து விடை கொடுத்ததாக அன்னை கண்ட கனவு தடையை நீக்கிற்று. குடுமி களையப்பட்டது; கோட்டும் காலணியும் வந்தன. 1914 மார்ச் 17ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. ஜானகிக்கு அப்போது வயது பதினைந்து நிறையச் சில நாட்களே இருந்தன.

கேம்பிரிட்ஜ் ஆண்டுகள்

டிரினிட்டி கல்லூரியில் இராமானுஜன் வாழ்ந்த ஐந்தாண்டுகள் புகழின் உச்சியும் துன்பத்தின் ஆழமும் ஒருங்கே கண்டவை. சென்ற சில திங்களில் முதல் உலகப் போர் மூண்டது. மரக்கறி உணவைத் தாமே சமைத்து உண்ட அவருக்குப் போர்க்காலத்தில் காய்கறியும் அரிதாயிற்று. குளிர்காலத்தில் அவருடைய அறைக்குச் சென்ற பிரசாந்த சந்திர மகலனோபிஸ், அவர் போர்வைகளின் உள்ளே படுக்கும் முறை தெரியாமல் விரிப்பின் மேலேயே நடுங்கியவாறு உறங்குவதை அறிந்து, அம்முறையைக் கற்பித்தார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலின் தந்தை என்று போற்றப்பெற்றவர் அவர்.

அந்த அறையில் எழுந்த கணிதமோ வியப்புக்குரியது. ஓர் எண்ணை எத்தனை வகையில் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளுள் ஒன்று. 4 என்னும் எண்ணை நான்கு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கு ஒன்றுகள் என ஐந்து வகையில் பிரிக்கலாம். மாத்திரை எண்ணிச் சந்தம் அமைக்கும் கவிஞர்க்கு இத்தகைய கணக்கு முற்றிலும் அயலானதன்று. எண் பெரிதாகும்போது வகைகள் கட்டுக்கடங்காமல் பெருகும். 200 என்னும் எண்ணுக்கு அவை 39,72,99,90,29,388. ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி என்று சொல்லத்தக்க இத்தொகையை மேக்மேகன் என்பவர் படிப்படியாகக் கணக்கிட்டார். இராமானுஜனும் ஹார்டியும் கண்ட வாய்பாடு அதே தொகையை வியக்கத்தக்க துல்லியத்துடன் தந்தது. 1918இல் வெளிவந்த அக்கட்டுரை எண் கோட்பாட்டில் புதிய நெறி ஒன்றைத் தொடங்கிவைத்தது. 1916இல் வெளியான வேறொரு கட்டுரையில் அவர் ஊகித்துச் சொன்ன முடிவை நிறுவ உலகுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் பியர் தெலீன் அதனை நிறுவினார்.

1917இல் உடல் நலிந்தது. மருத்துவமனைகளும் நலவாழ்வு இல்லங்களும் மாறி மாறி வாழ்விடங்கள் ஆயின. ஊரிலிருந்து வந்த கடிதங்கள் குறைந்தன. மனம் தளர்ந்த நிலையில், 1918 தொடக்கத்தில் இலண்டனில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டு மே மாதம் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அப்பெருமை பெற்ற இரண்டாவது இந்தியர் அவர். அக்டோபரில் டிரினிட்டியின் ஃபெலோ ஆனார். அந்தக் கல்லூரியில் அப்பதவி பெற்ற முதல் இந்தியரும் அவரே.

புட்னியில் படுக்கையில் இருந்தபோது ஹார்டி வந்த வாடகைக் காரின் எண் 1729 என்பதும், இரு கனங்களின் கூட்டலாக இருவேறு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் உடனே கூறியதும் எவரும் அறிந்த செய்தி. ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் கூடினால் 1729; ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் கூடினாலும் அதுவே. திரைப்படத்துக்கு இதனினும் பொருத்தமான காட்சி அமையாது. ஆனால் கனங்களின் கூட்டலை அவர் தாயகத்தில் இருந்த காலத்திலேயே ஆராய்ந்தவர். நோயாளியின் உதட்டில் மின்னலெனத் தோன்றியது நெடுநாள் உழைப்பில் பழகிய ஓர் எண். நாமகிரியின் அருளாலேயே தமக்குச் சூத்திரங்கள் கிட்டின என்று இராமானுஜன் நம்பினார்; அந்நம்பிக்கை மதிக்கத்தக்கது. இரவுகள்தோறும் சிலேட்டில் எழுதி அழித்த உழைப்பும் அதே அளவு மதிக்கத்தக்கது.

1919 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தது. நோய்ப்படுக்கையிலிருந்து எழுதிய பதிலில், அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றும், பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் அளித்துத் தம் செலவும் போக எஞ்சுவதை ஏழை மாணவர்களின் பள்ளிச் சம்பளத்துக்கும் நூல்களுக்கும் செலவிட வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். உதவித்தொகையை இழந்து கல்லூரியை விட்டு நீங்கிய மாணவர் ஒருவர் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய கடிதம் அது.

லஸ் சர்ச் சாலையில்

1919 மார்ச் இறுதியில் பம்பாய்க்கு வந்த கப்பலிலிருந்து இறங்கிய இராமானுஜனை அன்னையும் தம்பியும் எதிர்கொண்டனர். ஜானகி எங்கே என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி என்பர். அவர் இங்கிலாந்தில் இருந்த காலத்தில் கணவன் மனைவியரிடையே சென்ற கடிதங்கள் உரியவர் கைக்குச் சேராமல் மாமியாரால் தடுக்கப்பட்டன என்பது ஜானகி அம்மையார் முதுமையில் கூறிய செய்தி. தம் கடிதத்துக்கு மறுமொழி இல்லையே என்று இருவரும் ஏங்கியிருந்தனர். கணவர் வரும் நாளில் ஜானகி தமையனாரின் இல்லத்தில் இருந்தார்.

ஏப்ரல் 2ஆம் நாள் சென்னை வந்த இராமானுஜன் முதலில் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் ஒரு மாளிகையிலும், பின்னர் லஸ் சர்ச் சாலையில் 'வேங்கட விலாஸ்' என்னும் இல்லத்திலும் தங்கினார். முன்னது இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை எனப்படுகிறது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஜானகி வந்து சேர்ந்தார். பத்து வயதில் மணந்து, பதினைந்தில் பிரிந்த பெண்ணுக்கு அப்போது இருபது வயது. கணவனும் மனைவியும் மனம் விட்டுப் பேசி வாழத் தொடங்கியது மயிலாப்பூரில்தான் எனலாம். அதே லஸ் சர்ச் சாலையில், நாற்பது ஆண்டுகளுக்குப் பின், அல்லாடி இராமகிருஷ்ணன் தம் இல்லமாகிய 'ஏகாம்ர நிவாஸி'ல் நடத்திய கருத்தரங்கிலிருந்து 1962இல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது.

மருத்துவர் அறிவுரைப்படி காவிரிக் கரையில் கொடுமுடிக்கும், செப்டம்பரில் கும்பகோணத்துக்கும் சென்றனர். மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே பூசல் இருந்தது. நோயும் தணியவில்லை. காசநோய் என்றே அக்கால மருத்துவர்கள் கருதினர். குடலைத் தாக்கிக் கல்லீரல்வரை பரவும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994இல் யங் என்னும் ஆங்கில மருத்துவர் ஆராய்ந்து கூறினார். அது உண்மையாயின், தக்க நேரத்தில் கண்டறிந்திருந்தால் அக்காலத்திலேயே மருந்து இருந்தது என்னும் எண்ணம் நெஞ்சை வருத்துகிறது.

1920 ஜனவரி 12ஆம் நாள் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், தாம் புதிதாகக் கண்ட போலித் தீட்டாச் சார்புகளை இராமானுஜன் விவரித்தார். சேத்துப்பட்டில் நம்பெருமாள் செட்டியார் அளித்த இல்லங்களில் இறுதித் திங்கள்கள் கழிந்தன. எலும்பும் தோலுமாகிய நிலையிலும் அவர் கணக்கிடுவதை நிறுத்தவில்லை. எழுதி முடித்த தாள்களை ஜானகி ஒவ்வொன்றாக எடுத்துத் தோல் பெட்டியில் வைத்துவந்தார். இறப்பதற்கு நான்கு நாட்கள் முன்புவரை அவர் எழுதிக்கொண்டிருந்தார் என்று அம்மையார் நினைவுகூர்ந்தார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் 'கோமெத்ரா' என்னும் இல்லத்தில் இராமானுஜன் காலமானார். கடல் கடந்தவர் என்ற காரணத்தால் உறவினருள் வைதிகர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.

தாள்களின் பயணம்

சேத்துப்பட்டு இல்லத்தில் ஜானகி சேர்த்துவைத்த தாள்களும் பிறவும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. 1923இல் பதிவாளர் அவற்றை ஹார்டிக்கு அனுப்பினார். ஹார்டியிடமிருந்து அவை வாட்சன் என்னும் கணிதப் பேராசிரியரிடம் சேர்ந்தன. வாட்சன் 1965இல் மறைந்தபோது அவருடைய அறையில் குவிந்திருந்த காகிதங்களுக்கிடையே அவை எரிக்கப்படாமல் தப்பி, டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு வந்தன. 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அந்நூலகத்தின் பெட்டி ஒன்றைத் திறந்து, இராமானுஜனின் கையெழுத்தில் 87 தாள்களைக் கண்டார். அறுநூறு அளவில் சூத்திரங்கள் அவற்றில் இருந்தன, நிறுவல்கள் இல்லை. காணாமற்போன குறிப்பேடு என்று உலகம் பெயரிட்டது அதற்கே. சுவடி தேடிய தமிழறிஞர்களின் வரலாற்றை அறிந்தவர்க்கு இந்நிகழ்ச்சியின் மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே விளங்கும். வாட்சனின் காகிதங்களோடு அவையும் தீக்கு இரையாகியிருந்தால், ஒரு மேதையின் இறுதி ஓராண்டு உலகுக்கு இல்லாமலே போயிருக்கும்.

அதற்கு முன்னரே மூன்று குறிப்பேடுகள் இருந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் அடங்கிய அவற்றை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் 1957இல் உள்ளவாறே படியெடுத்து வெளியிட்டது. வாட்சனும் வில்சனும் தொடங்கி முடிக்க இயலாமற் போன உரைப்பணியைப் புரூஸ் பெர்ண்ட் ஏற்று, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக நிறைவேற்றினார். காணாமற்போன குறிப்பேட்டுக்கு ஆண்ட்ரூஸும் பெர்ண்ட்டும் சேர்ந்து எழுதிய ஐந்து தொகுதிகள் 2005 முதல் 2018 வரை வெளிவந்தன. போலித் தீட்டாச் சார்புகளின் உட்பொருள் 2002இல் சுவெகர்ஸ் என்னும் இளம் ஆய்வாளரின் முனைவர் பட்ட ஆய்வேட்டில்தான் தெளிவாயிற்று. பின்னர் அவை கருந்துளைகள் பற்றிய இயற்பியல் ஆய்விலும் பயன்பட்டன. ஓராண்டில் எழுதிய சூத்திரத்துக்கு நூறாண்டு உரை தேவைப்பட்டது.

ஜானகி அம்மையார்

இராமானுஜன் மறைந்தபோது ஜானகி அம்மையாருக்கு வயது இருபத்தொன்று. கணவரோடு வாழ்ந்த காலம் எல்லாம் கூட்டினாலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளே. பம்பாயில் தமையனார் இல்லத்தில் சில ஆண்டுகள் தங்கித் தையற்கலை கற்ற அவர், 1930களின் தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியேறினார். பல்கலைக்கழகம் அளித்த சிறு ஓய்வூதியத்தோடு தையல் வேலையும் செய்து தம் காலில் நின்றார். பெற்றோரை இழந்த சிறுவன் ஒருவனை மகனாக ஏற்று வளர்த்து ஆளாக்கினார்.

1936இல் அவரைத் தேடி ஓர் இளைஞர் வந்தார். மயிலாப்பூர் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் 'சந்திர விலாஸ்' இல்லத்தில் வளர்ந்து, வானியற்பியலில் புகழ் பெறத் தொடங்கியிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர். இராமானுஜனின் நல்ல படம் ஒன்று வேண்டும் என்று ஹார்டி கேட்டிருந்தார். அம்மையாரிடம் இருந்தது 1919ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுப் புகைப்படம். நோயால் மெலிந்த முகத்தில் கண்கள் மட்டும் ஒளி குன்றாமல் இருந்த அப்படம் ஹார்டியின் 1940ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்றது. அஞ்சல்தலைக்கும் சிலைக்கும் நூல் அட்டைக்கும் அதுவே மூலமாயிற்று. உலகம் அறிந்த இராமானுஜனின் முகம் திருவல்லிக்கேணியின் ஒரு சிறு வீட்டில் பதினாறு ஆண்டுகள் பாதுகாக்கப்பட்ட முகம்.

கணவருக்குச் சிலை எழுப்புவதாகச் சொன்னவர்கள் எழுப்பவில்லையே என்று 1980களின் தொடக்கத்தில் அம்மையார் வருந்திய செய்தி வெளிநாட்டுக் கணித அறிஞர்களின் காதுக்கு எட்டியது. ரிச்சர்டு ஆஸ்கியின் முயற்சியால் உலகெங்கும் இருந்த கணித அறிஞர்கள் பொருள் திரட்டினர். பால் கிரான்லண்ட் என்னும் சிற்பி வடித்த மார்பளவு வெண்கலச் சிலை ஒன்று அம்மையாரின் இல்லத்துக்கே வந்து சேர்ந்தது. 1987 டிசம்பர் 22ஆம் நாள், நூற்றாண்டு விழாவின்போது, காணாமற்போன குறிப்பேட்டின் அச்சுப்பதிப்பைச் சென்னையில் வெளியிட்ட பிரதமர் இராஜீவ் காந்தி முதற்படியை ஜானகி அம்மையாரிடம் அளித்தார். தாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைத்த தாள்களை அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் நூலாகக் கையில் பெற்றார் அவர். 1994 ஏப்ரல் 13ஆம் நாள், தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார்.

திரை என்னும் உரை

ஆங்கிலப் படம் ஜானகியை வளர்ந்த இளம்பெண்ணாகவே தொடக்கம் முதல் காட்டுகிறது. காதலும் பிரிவும் திரைக்கு ஏற்ற வடிவில் அமைய அது தேவைப்பட்டிருக்கலாம். கணிதத்தைப் பிழையின்றிக் காட்டுவதில் அப்படம் அக்கறை கொண்டது. கென் ஓனோ, மஞ்சுள் பார்கவா போன்ற கணித அறிஞர்களின் துணையை நாடிற்று. தமிழ்ப் படம் கும்பகோணத்து வீட்டையும் அன்னையையும் சென்னை நண்பர்களையும் விரிவாகக் காட்ட முயன்றது. இரண்டுக்கும் நன்றி உரியது. அவற்றைக் கண்ட மாணவர் ஒருவர் எண் கோட்பாட்டு நூலைத் தேடியிருந்தாலும் அது பயன்தான்.

ஆயினும் உரைகள் பலவாக இருப்பதே மூலத்துக்கு நலம். மேதையின் வாழ்க்கையை அதிசயமாக மட்டும் உரைத்தால், அடுத்த அதிசயம் வானிலிருந்து விழும்வரை காத்திருக்கும் சமுதாயம் உருவாகும். இராமானுஜனின் வாழ்க்கை வேறொன்றைக் கற்பிக்கிறது. தேர்வில் தோற்ற மாணவரின் குறிப்பேட்டைப் பொறுமையோடு புரட்டிப் பார்த்த துணைக் கலெக்டர் இல்லாவிடில், பத்துப் படிகளைக் கேட்ட நாராயண ஐயர் இல்லாவிடில், விதியை விலக்கி வைத்த பல்கலைக்கழகம் இல்லாவிடில், அந்தச் சூத்திரங்கள் கும்பகோணத்துத் திண்ணையிலேயே அழிந்திருக்கும். பின்னர்த் தாள்களை எடுத்துவைத்த கைகள் இல்லாவிடில் சேத்துப்பட்டில் அழிந்திருக்கும்.

2012 முதல் டிசம்பர் 22ஆம் நாள் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. இராமானுஜனைப் பற்றிய படங்கள் இனியும் எடுக்கப்படலாம். மக்கள் இனியும் ஆவலோடு காத்திருப்பார்கள். அப்படி ஒரு படம் வருமாயின், கேம்பிரிட்ஜின் புல்வெளிக்கும் கப்பலின் மேல்தளத்துக்கும் நடுவே இன்னொரு காட்சிக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். 1920ஆம் ஆண்டின் கோடை. சேத்துப்பட்டில் ஓர் அறை. படுத்தவாறே எழுதும் ஒருவர். எழுதிய தாளின் பொருள் தமக்கு விளங்காது என்பதை அறிந்தும், மை உலர்ந்ததும் அதனை எடுத்து மடங்காமல் பெட்டியில் வைக்கும் இருபத்தொரு வயதுப் பெண் ஒருவர்.